வாத்தியார் சேர்க்காத கத்திகள்

வாசல் மணி அடித்ததும் வாத்தியார்தான் போய்க் கதவைத் திறந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் பூங்கொத்தோடு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஐயா தவறிட்டாருன்னு பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

"எந்த ஐயா?"

"இந்த வீட்டு ஐயாதான். கத்தியெல்லாம் சேர்த்து வச்சிருந்தாரே, கணக்கு வாத்தியார்."

"அது நான்தான்" என்றார் வாத்தியார்.

வந்தவர் பூங்கொத்தைக் கொடுப்பதா, முதுகுக்குப் பின்னால் ஒளிப்பதா என்று தெரியாமல் விழித்தார். பேச்சுக் குரல் கேட்டு அவர் மனைவி நர்சம்மா உள்ளிருந்து வந்தார். வந்தவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். திரையில் இருந்தவை, கத்திகளை விற்பதற்காக நர்சம்மா எடுத்துக் கொடுத்த படங்கள்தான். அவற்றின் கீழே மாப்பிள்ளை எழுதியிருந்தது மட்டும் வேறு கதை. 'காலஞ்சென்ற என் மாமனார் வாழ்நாள் முழுவதும் தேடித் தேடிச் சேர்த்த பாரம்பரிய மடக்குக் கத்திகள். கனத்த இதயத்துடன் விற்கிறோம்.'

"பாருங்க, உங்களைக் கொன்னுட்டாங்க" என்று கைப்பேசியைக் கணவரிடம் நீட்டினார்.

வாத்தியார் கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார். "என்னைக் கொன்னதுகூடப் பரவாயில்ல. நான் எப்பக் கத்தி சேர்த்தேன்?"

அவர் சேர்க்கவில்லை. கத்தியைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவர். முகச்சவரத்துக்குக்கூட முடிதிருத்தும் கடைக்குத்தான் போவார். பழம் நறுக்க வேண்டுமென்றால் தட்டை மனைவி பக்கம் தள்ளிவிடுவார். கத்திகள் அத்தனையும் நர்சம்மா சேர்த்தவை. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த காலத்தில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பழைய சாமான் கடை ஒன்று இருந்தது. இரவு வேலை முடித்து அந்த வழியாக வரும்போது, கொம்புப் பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி கண்ணில் பட்டது. எடுத்து விரித்து மடக்கிப் பார்த்தார். மடங்கும்போது எழுந்த 'டக்' என்ற சத்தம் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து போகும் ஊரிலெல்லாம் கத்திதான் தேடுவார். கயிறு அறுக்க மாலுமிகள் வைத்திருந்தது, ஒட்டுக் கட்டும் தோட்டக்காரர்களுடைய வளைந்த அலகு, எழுதுகோல் சீவும் விரல் நீளக் குட்டி என்று அலமாரியின் இழுப்பறைகள் நிறைந்தன. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டுத் துடைத்து, துணியில் சுற்றி வைப்பது அவருடைய விடுமுறை நாள் வேலை.

இப்போது கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது. அலகில் நகம் கொடுத்து இழுக்கிற அந்தச் சின்னப் பள்ளத்தில் நகத்தை வைத்தால் உயிர் போகிற வலி. விரிக்க முடியாத கத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, விரிக்கிறவர்களிடம் போகட்டும் என்று அவரே முடிவெடுத்தார். இணையத்தில் விற்பது மாப்பிள்ளைக்குக் கைவந்த கலை என்பதால் அவரிடம் ஒப்படைத்தார். அங்கேதான் வினை.

பூங்கொத்துக்காரருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, மாமா உங்ககூடப் பேசணுமாம். மேல இருந்து."

மாப்பிள்ளைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அது சும்மா ஒரு இதுக்கு அத்தை. செத்தவங்க பொருள்னா ஜனங்க மதிப்புக் கொடுத்து வாங்குவாங்க."

"அப்ப அத்தை செத்துட்டான்னு போட வேண்டியதுதானே?"

"பொம்பளை கத்தி சேர்த்தாங்கன்னா யாரு அத்தை நம்புவாங்க? திருட்டுப் பொருளோன்னு நினைப்பாங்க. கோச்சுக்காதீங்க, சாயங்காலம் ஒரு பெரிய வியாபாரி வர்றாரு. அவர்கிட்ட மாமா உயிரோடதான் இருக்காருன்னு சொல்லிட்டேன். மொத்தமா எடுத்துக்குவாரு."

வியாபாரி வந்தார். உள்ளே நுழைந்ததும் வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். மேசைமேல் துணி விரித்து நர்சம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, அவர் வாத்தியார் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"இது எங்க பிடிச்சீங்க சார்?"

"துறைமுகத்துக்கிட்ட ஒரு தையல் மிஷின் ரிப்பேர் கடையில" என்றார் நர்சம்மா.

"ஓகோ. இதுக்குப் பிடி மாத்தியிருக்கீங்களா சார்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் வாத்தியார். "கத்தியெல்லாம் இவளோடது. எனக்குக் கத்தின்னாலே கை உதறும்."

வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். "சார் நல்லாத் தமாஷ் பண்றாரு. வீட்ல அம்மாவுக்கு நல்ல பேரு வாங்கிக் கொடுக்கறாரு." சிரித்தபடியே கொம்புப் பிடிக் கத்தியை விரித்து, விரலை எடுத்து, அலகைச் சடாரென்று மூடவிட்டார்.

"அப்படி விடாதீங்க. கூர் உள்ள போய் இடிச்சு மழுங்கிடும்" என்றார் நர்சம்மா.

"நாங்க பார்க்காத கத்தியாம்மா? நீங்க போய் டீ போடுங்க. சாரும் நானும் பேசிக்கிறோம்." சொல்லிவிட்டு இன்னொரு தடவை மூடவிட்டார்.

நர்சம்மா அவர் கையிலிருந்து கத்தியை வாங்கினார். துணியின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து மூட்டையாகத் தூக்கிக்கொண்டார். "வியாபாரம் இல்ல. கிளம்புங்க."

"சார், என்ன இது?"

"அவ சொன்னாச் சரிதான்" என்றார் வாத்தியார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வந்த வியாபாரியை விரட்டிவிட்டதாக மகளுக்கு ஆற்றாமை.

"ஏம்மா இவ்வளவு கோபம்? யாரு பேருல போனா என்ன, கத்தி போனாச் சரிதானே?"

"உனக்குத் தெரிஞ்சுதான் அப்படிப் போட்டாரா?"

மகள் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். அப்புறம் மெல்ல ஆரம்பித்தாள். "நான்தான் எழுதிக் கொடுத்தேன். எங்க மாமியார் வீட்டுல எல்லாருமே அப்பா சேர்த்ததுன்னுதான் நினைச்சிட்டிருக்காங்க. பொண்ணு பார்க்க வந்தப்ப அலமாரியைக் காட்டி யாரோ கேட்டாங்க, அப்பாவுதுன்னு சொல்லிட்டேன். ஸ்கூல்ல படிக்கறப்பவும் ஃபிரெண்ட்ஸ்கிட்ட அப்படித்தான் சொல்வேன். எங்கம்மா கத்தி சேர்க்கறாங்கன்னு எப்படிம்மா சொல்றது?"

நர்சம்மாவுக்கு வியாபாரிமேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவன் யாரோ. இவள் தரையில் உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள்.

"நான் திருடினேனா? குடிச்சேனா? யாரையாவது குத்தினேனா?" என்றார் நர்சம்மா. "வேலை பார்த்தேன். எனக்குப் பிடிச்சதை வாங்கினேன். அதை நான் பெத்த பொண்ணே இத்தனை வருஷமா மூடி மறைச்சிருக்கே. அந்த ஆளு என்னை டீ போடச் சொன்னான்னு கொதிச்சேன். நீ எப்பவோ அனுப்பிட்ட என்னை அடுப்பங்கரைக்கு."

மகள் அழுதாள். நர்சம்மா சமாதானப்படுத்தப் போகவில்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"மாமா செத்ததுக்கு யார் யாரெல்லாம் துக்கம் விசாரிச்சாங்களோ, அத்தனை பேருக்கும் போன் பண்ணுங்க. என் முன்னாடி. மாமா நல்லா இருக்காரு, கத்தி அத்தையோடதுன்னு சொல்லுங்க."

"அத்தை, மெசேஜ் அனுப்பிடறேனே."

"வாயால சொல்லுங்க. பொய்யை மட்டும் ஊருக்கே படிக்கக் கொடுத்தீங்களே."

மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கன்னாபின்னாவென்று திட்டினார். மாப்பிள்ளை காது சிவக்கக் கேட்டுக்கொண்டார். வாத்தியார் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பழைய விளம்பரத்தை எடுத்துவிட்டு நர்சம்மா தானே ஒன்று எழுதினார். மாலுமிக் கத்தியைக் கையில் பிடித்தபடி தன் படத்தையும் போட்டார். 'நான் சேர்த்தவை. விரல் ஒத்துழைக்காததால் விற்கிறேன். விவரம் என்னிடம் கேட்கலாம்.' கீழே கேலி பேசியவர்களும் உண்டு, அவர் கண்டுகொள்ளவில்லை. சம்பந்தியம்மா போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். அதற்கும் நர்சம்மா அசரவில்லை.

கத்திகள் ஒரே இடத்துக்குப் போகவில்லை, பலர் பிரித்து வாங்கிக்கொண்டார்கள். கொம்புப் பிடிக் கத்தியைத் தோல் பை தைக்கும் ஒரு பெண் எடுத்தாள். வாங்குவதற்கு முன்னால் ஜன்னலோரம் நின்று விரித்தும் மடக்கியும் காதோடு வைத்துக் கேட்டாள். நர்சம்மா அவளிடம் பேரம் எதுவும் பேசவில்லை.

எல்லாம் போன பிறகு வாத்தியார் அலமாரியைத் திறந்து பார்த்தார். "இந்த இழுப்பறையிலெல்லாம் இனிமே என்ன வைக்கப் போற?"

"தெரியலைங்க. கொஞ்ச நாள் காலியாக் கிடக்கட்டும்."

மகள் அந்த வாரம் போன் செய்தாள். அம்மா பேசினார், ஆனால் அதிகம் பேசவில்லை.