மாராயி பேர் வெட்டிய மோதிரம்

1959 மாசி மாதத்தில் மாராயி இறந்தபோது அவள் கழுத்துக் கயிற்றில் ஒரு தங்க மோதிரம் கிடந்தது. நாற்பது வருஷமாக அது அங்கேதான், ரவிக்கைக்குள், யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. மேலே ஒரு கிளி செதுக்கியிருந்தது. துடியலூர்ப் பக்கம் நாயக்கர் தோட்டமொன்றில் பண்ணை வேலை பார்த்த பெண்ணுக்கு இப்படி ஒரு மோதிரம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் பதில் சொல்லி மீள முடியாது என்று மாராயிக்குத் தெரியும். அதனால் ஒருநாள்கூட விரலில் போட்டதில்லை.

சாவதற்கு நாலு நாள் முன்னால் மகள் சின்னத்தாயியைக் கூப்பிட்டு அவிழ்த்துக் கொடுத்தாள்.

"நான் ஒளிச்சு வெச்சே காலத்த ஓட்டிப்போட்டேன் கண்ணு. நீ கையில போட்டுக்க. உள்பக்கம் எம்பேரு வெட்டியிருக்குது."

அது வந்த கதையையும் அப்போதுதான் முழுதாகச் சொன்னாள். பிளேக் வந்த வருஷம் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே குடிசை போட்டுப் போய்விட்டது. தோட்டத்து நாயக்கர் மனைவி பங்காரம்மாவால் மட்டும் போக முடியவில்லை. மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு அக்குளில் கட்டி கண்டிருந்தது. பக்கத்தில் வர எல்லாரும் பயந்தார்கள். கல்யாணமாகாத பெண்ணாயிருந்த மாராயி மட்டும் பத்து நாள் கூடவே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். குழந்தை பிழைத்தது. அடுத்த மாதம் பங்காரம்மா தன் ஜோடி மோதிரத்தில் ஒன்றைக் கழற்றி, டவுனில் யாரிடமோ கொடுத்து உள்ளே பேர் வெட்டி, மாராயி கையில் வைத்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். இருவருமே கடைசிவரை சொல்லவில்லை.

சின்னத்தாயி போத்தனூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். கோயமுத்தூர் மில் ஒன்றில் நூல் சுற்றும் ரீலிங் வேலை. புருஷன் ராசப்பன் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போகிறேன் என்றபோது ராசப்பன் வேண்டாம் என்றான். அவன் அண்ணன் மாசாணத்தை, வேலை பார்த்த வீட்டில் காணாமல்போன ஒரு வெண்கலத் தட்டுக்காக மூன்று நாள் போலீசில் வைத்து அடித்திருந்தார்கள். தட்டு பிறகு அந்த வீட்டு வைக்கோல் போரிலேயே கிடைத்தது. அடி வாங்கிய கை மாசாணத்துக்கு அப்புறம் நேராகவே இல்லை.

மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் கயிறு உரசியதில் உள்ளே வெட்டிய எழுத்து மழுங்கிப்போயிருந்தது. 'மா' என்பது மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் கீறல் மாதிரிதான். கடைசியில் ராசப்பன் ஒரு வழி சொன்னான். போட்டுக்கொள்வதாயிருந்தால் பேரைத் திரும்ப ஆழமாக வெட்டிக்கொண்டு போடு. எவன் கேட்டாலும் கழற்றிக் காட்டலாம், மாராயி என்று பளிச்சென்று இருக்கட்டும். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ராஜ வீதியில் திருமூர்த்தி ஆசாரி என்று ஒருவர் இருந்தார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர்கள் நிறைய உண்டு; நகையில் பொடி எழுத்து வெட்ட அவரைத்தான் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாயி அவரிடம் போனாள். ஆசாரி கண்ணில் வில்லையை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எழுத்தைத் தடவிப் படித்துவிடலாம், 'மாராயிக்கு' என்று இருக்கிறது, அப்புறம் 'ப' வருகிறது என்றார். தேய்ந்தது தேய்ந்தபடியே இருந்தால் என்ன என்றும் ஒரு வார்த்தை கேட்டார். அவள் புருஷன் சொன்னதைச் சொன்னாள். சரி, முதலில் உள்பக்கத்தை மெருகிட்டு வழவழப்பாக்கிவிட்டு வெட்டுகிறேன், அடுத்த ஞாயிறு வாங்க என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒரு கார்டு வந்தது. ராசப்பன் டூட்டி முடிந்து வந்து வாசலிலேயே நின்று படித்தான். 'உங்கள் மோதிரத்துக்கு ஜோடி மோதிரம் ஒன்று கடைக்கு வந்திருக்கிறது. அதற்கு உடையவர்கள் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தவறாமல் வரவும். திருமூர்த்தி.'

அவன் அந்தக் கார்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சாப்பாடு போட்டதை அப்படியே மூடி வைத்தான். மோதிரம் போனால் போகட்டும், நாம் அந்தப் பக்கமே தலை காட்ட வேண்டாம் என்றான். ஆசாரியிடம் கொடுத்த விலாசம் இருக்கிறதே என்றாள் அவள். அதை நினைத்துத்தான் அவனுக்கு இன்னும் பயம். இரண்டு நாளும் ரயில்வே போலீஸ்காரர் யாராவது பிளாட்பாரத்தில் நடந்தால் தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

சின்னத்தாயிக்கும் பயம்தான். ஆனால் போகாமல் இருந்தால், அம்மா திருடினாள் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, நான் போறேனுங்க. நீங்க ஊட்டுலயே இருங்க. எங்கம்மா எடுக்கலைன்னு சொல்ல நான் ஒருத்தி போதும்."

காலையில் அவள் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது ராசப்பனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

ஆசாரி கடையில் நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் வெங்கடலட்சுமி என்று ஆசாரி சொன்னார். பீளமேட்டில் வாக்கப்பட்டவர், துடியலூர்த் தோட்டத்துப் பெண். துடியலூர் என்றதும் ராசப்பன் ஒரு அடி பின்னால் போய் வாசற்படியில் நின்றுகொண்டான். சின்னத்தாயி முதலில் பார்த்தது மோதிரத்தைத்தான். வெட்டும்போது அசையாமல் பிடிக்கும் அரக்குக் கட்டையில் பாதி புதைந்து நின்றது. பக்கத்திலேயே அதே கிளி, அதே வளைவு, இன்னொரு மோதிரம்.

வெங்கடலட்சுமி சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"இது உனக்கு எப்படி வந்துது அம்மணி?"

சின்னத்தாயி நின்றபடியே சொன்னாள். அம்மா சொன்னதை அம்மா சொன்ன வரிசையில் சொன்னாள். பிளேக்கு, பூட்டிய வீடுகள், மூன்று வயதுக் குழந்தை, அக்குளில் கட்டி, பத்து நாள் கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்தது, கட்டி தானே உடைந்த அன்று பங்காரம்மா மாராயி கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அந்த அம்மாள் பாதியிலேயே தன் வலது கையால் இடது அக்குளை அழுத்திக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. ராசப்பன்தான் பார்த்தான்.

வெங்கடலட்சுமி தன் மோதிரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு தன் பக்கத்துக் கதையைச் சொன்னார். அவர் மகள் கல்யாணத்துக்காக, தன் மோதிரத்தில் தேய்ந்துபோன கிளியைத் திரும்பச் செதுக்கக் கொண்டுவந்திருக்கிறார். புதன்கிழமை கடைக்குள் நுழைந்தபோது கட்டையில் அதன் ஜோடி நிற்கிறது. ஜோடி கிணற்றில் விழுந்துவிட்டது என்றுதான் அவர் அம்மா சொல்லியிருந்தார். அப்பா நாலு ஆளைப் போட்டு, இரண்டு நாள் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டிக் கிணற்றையே வற்ற இறைத்துச் சேற்றைச் சலித்துப் பார்த்தாராம். அம்மா கிணற்று மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம், ஒரு வார்த்தை சொல்லாமல்.

"என்னைப் பாத்துக்கிட்டது அத்தைன்னுதான் எனக்குச் சொல்லி வளர்த்தாங்க" என்றார். "அப்படின்னா அத்தையும் ஊரோட குடிசையிலதான் இருந்திருக்காங்க."

ஆசாரி அப்போது மோதிரத்தை அரக்கிலிருந்து மெதுவாகக் கழற்றி, துடைத்து, வில்லையோடு வெங்கடலட்சுமியிடம் கொடுத்தார். புதன்கிழமை அந்த அம்மாள் வந்த நேரத்தில் மெருகுக்கல் தன் கையில் இருந்தது என்றார். எழுத்துக்குக் கீழே மூன்று குழிகள் இருந்தன. பழைய தங்கத்தில் விழுந்த பள்ளம் என்று நினைத்து, அதைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டு வெட்டலாம் என்று இருந்தாராம். இந்த அம்மாள்தான் கையைத் தடுத்தார்.

பங்காரம்மா எங்கே தன் பேரை எழுதினாலும் அடியில் மூன்று புள்ளி வைப்பார். ஏன் என்று கேட்டால் சிரிப்பாரே தவிரச் சொல்ல மாட்டார். பீளமேட்டுக்கு வந்த கடிதாசி அத்தனையிலும் அந்த மூன்று புள்ளி இருந்தது. சீட்டில் எழுதிக் கொடுத்ததை வெட்டியவர் அப்படியே வெட்டியிருக்கிறார். எழுத்து மேலாக வெட்டியது, தேய்ந்துவிட்டது. புள்ளி உளி முனையால் இறக்கியது, நின்றுவிட்டது.

வில்லையைச் சின்னத்தாயியும் வாங்கிப் பார்த்தாள். 'மாராயிக்கு பங்காரு' என்று, ஆசாரி சொல்லச் சொல்ல, நிழல் மாதிரித் தெரிந்தது. கீழே மூன்று புள்ளிகள் மட்டும் நேற்று வைத்தது போல இருந்தன. அவள் வில்லையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசற்படியில் ராசப்பன் மூச்சை விட்ட சத்தம் உள்ளே கேட்டது.

நான் புதுசாக வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆசாரி தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார். எழுத்து பளிச்சென்று இருந்திருக்கும். போன வாரம் ராஜ வீதியில் வெட்டியது என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள்.

அதன் பிறகுதான் வெங்கடலட்சுமி அதைக் கேட்டார். ஜோடி சேர்ந்திருந்தால் மகளுக்குப் போடலாம், எடைக்கு இரண்டு மடங்கு தங்கம் தருகிறேன், இதை எனக்குக் கொடுத்துவிடு என்றார். பிரியமாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுப் பழகிய குரல் அது. இல்லை என்ற பதிலை அதிகம் கேட்டிராத குரல்.

சின்னத்தாயி எழுந்து நின்றாள்.

"இல்லீங்கம்மா. நான் குடுக்க மாட்டேனுங்க. உங்கம்மா எங்கம்மாளுக்குன்னு பேரு வெட்டிக் குடுத்ததுங்க."

ஆசாரி உளிகளை வரிசை மாற்றி வைத்தார். வெங்கடலட்சுமி இரண்டு மோதிரத்தையும் உள்ளங்கையில் ஒருமுறை சேர்த்துப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நீ சொல்றதுதான் சரி. நான் கேட்டிருக்கக் கூடாது."

சின்னத்தாயி கையில் வாங்காமல் விரலை நீட்டி நின்றாள்; அதைப் பார்த்து அவரே போட்டுவிட்டார். கணுவில் கொஞ்சம் சிக்கி, பிறகு இறங்கியது.

வாசற்படியிலிருந்து ராசப்பன் அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தான். தப்பாக நினைக்க வேண்டாம், இது உங்கள் அம்மா கொடுத்தது என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றான். அண்ணன் மாசாணத்தைப் பற்றியும் சொன்னான். சின்னத்தாயிக்குக்கூட அது கொஞ்சம் அதிகமோ என்று இருந்தது. ஆனால் வெங்கடலட்சுமி முகம் சுளிக்கவில்லை. ஆசாரியிடம் காகிதம் வாங்கி, தன் தாயார் பங்காரம்மா இன்ன காரணத்துக்காக மாராயிக்கு மனமுவந்து கொடுத்த மோதிரம் இது, அவள் மகளிடம் இருப்பது நியாயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆசாரியையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ராசப்பன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்தான்.

பேர் வெட்ட வேண்டாம் என்று முடிவாயிற்று. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. ஆசாரி கூலி வேண்டாம் என்றார். வெங்கடலட்சுமியின் கிளியை மட்டும் செதுக்குவதாகப் பேச்சு. அது வெறும் கிளிதான், எப்படி வெட்டினாலும் கிளி கிளிதான் என்று அந்த அம்மாளே சொன்னார். புறப்படும்போது, கல்யாணம் முடிந்து ஒருநாள் போத்தனூருக்கு வருகிறேன், உங்கம்மா என்னைப் பற்றி இன்னும் என்ன சொன்னாள் என்று கேட்க வேண்டும் என்றார். சின்னத்தாயி விலாசத்தைத் தெளிவாகத் திரும்ப ஒருமுறை சொன்னாள்.

வெளியே வந்ததும் ராசப்பன் பசிக்கிறது என்றான். டவுன்ஹால் பக்கம் ஒரு ஓட்டலில் ஆறு இட்லியும் ஒரு தோசையும் தின்றான். காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தான். அவள் டம்ளரைப் பிடித்திருந்த கையை எதிரில் இருந்த யாரோ பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் கையை எடுக்கவில்லை.

பாலக்காட்டுப் பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராசப்பன் உட்கார்ந்த உடனே அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவளுக்கும் கண்ணைச் சொருகியது. வண்டி நின்றதும் புறப்பட்டதும் எங்கோ தூரத்தில் கேட்டது. திடுக்கிட்டு விழித்தபோது வெளியே பலகையில் மதுக்கரை என்று போட்டிருந்தது. தினமும் போத்தனூரில் வண்டிகளுக்குப் பாதை மாற்றிவிடுகிறவன், போத்தனூரையே தாண்டி வந்துவிட்டான்.

அவனை உலுக்கி எழுப்பி இறக்கினாள். திரும்பிப் போக அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் என்றார்கள். பிளாட்பாரத்தில் ஒரு வேப்பமரத்து நிழலில் பெஞ்சு இருந்தது. ராசப்பன் அதில் காலை நீட்டிக்கொண்டு, ஜங்ஷனில் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டான். சின்னத்தாயிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.