ஒரு சாண் குறைவு

"நீ இண்டைக்கு அந்தப் பக்கம் வரப்படாது."

ஞானசேகரம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளித்து, வேட்டி உடுத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். முற்றத்தில் அவருடைய மனைவி குணேஸ்வரி புது மண்வெட்டியின் பிடிக்கு மஞ்சள் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

சுலோஜனா செருப்பைக் கொழுவியபடியே நின்றுவிட்டாள். ஞானசேகரம் அவளுடைய செத்துப்போன கணவனின் தமையன். அவள் இருக்கும் குடிசையும் அவருடைய வளவுக்குள்தான்.

"என்ன அத்தான் சொல்லுறீங்க? முகத்துவாரம் வெட்டேக்க நான் அங்க நிக்கவேணும். ஒப்பந்தத்தில அப்பிடித்தானே எழுதிக் கிடக்கு?"

"ஒப்பந்தத்தில என்னவும் கிடக்கட்டும். முதல் வெட்டுக்கு முன்னம் கடலம்மாவுக்குப் பூசை. தாலி இல்லாத ஒருத்தி அதில வந்து நிக்கேலாது. வண்ணக்கர் ஒரே பிடியாச் சொல்லிப்போட்டார்."

"தண்ணி இன்னும் தூணில கீறின கோட்டைத் தொடேல்ல அத்தான். விடியப் போய்ப் பாத்திட்டுத்தான் வந்தனான். ஒரு சாண் குறையுது."

ஞானசேகரம் மனைவியிடம் கையை நீட்டினார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனார். குணேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

நாவலடித்துறைக்குக் கிழக்கே கடல், மேற்கே களப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. கோடையில் அந்தத் திட்டு களப்பு கடலோடு சேரும் வாயை, முகத்துவாரத்தை, அடைத்துவிடும். மாரியில் களப்பு நிரம்பினால் தோப்பூர்ப் பக்கத்துப் பள்ள வயல்களுக்குள் வெள்ளம் ஏறும். அப்போது விவசாயிகள் திட்டை வெட்டி விடச் சொல்லி வந்து நிற்பார்கள். களப்பில் இறங்கி இறால் பிடித்துச் சீவிக்கிற நாவலடித்துறைப் பெண்களோ பொறுக்கச் சொல்லுவார்கள். நேரத்தோடு வெட்டினால் குஞ்சு இறால் அத்தனையும் கடலோடு போய்விடும். பிந்தி வெட்டினால் நெல் அழுகிவிடும். மூன்று வருடத்துக்கு முன் இந்த வாக்குவாதத்தில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்து, பொலிஸ் வந்து, ஒரு கிழமைக்கு நாவலடித்துறைத் தமிழனும் தோப்பூர்ச் சோனகனும் ஒருவர் கடையில் ஒருவர் சாமான் வாங்காமல் இருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் திருகோணமலையிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. இயற்கை வளப் பிரச்சினைகளுக்கான தலைமைத்துவம், முரண்பாட்டுத் தீர்வு என்று ஐந்து நாள் பயிற்சி, உப்புவெளியில் ஒரு ஹோட்டலில். மீனவர் சங்கத்திலிருந்து கட்டாயம் ஒரு பெண் வரவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. புருஷன்மார் இருந்த பெண்களை ஐந்து நாள் வெளியே விட ஒருவருக்கும் மனமில்லை. சுலோஜனாவைத் தடுக்க ஆள் இல்லை. சங்கத் தலைவரான ஞானசேகரமே அவளுடைய பெயரை எழுதிக் கொடுத்தார்.

இரண்டாம் நாள், பயிற்சி அலுவலர் நிருபன் அவர்களை இருவர் இருவராக இருத்தினான். ஒருவர் மற்றவரின் இடத்தில் நின்று கதைக்க வேண்டும். சுலோஜனாவுக்கு எதிரே இருந்தவள் ஸல்ஹா. தோப்பூர்க்காரி. அவளுடைய கணவனுக்குப் பாரிசவாதம் வந்து நாலு வருடம். இரண்டு ஏக்கர் வயலை அவள்தான் பார்த்தாள். ஸல்ஹா இறால் பிடிக்கிறவளாக இருந்து கதைக்க வேண்டும்.

"இறால் தூசியா இருக்கக்குள்ள நீங்க வெட்டிட்டா, நான் என்னத்தப் புடிச்சி என் புள்ளைக்கு ஆக்கிக் குடுக்குற?" என்று தொடங்கியவள், அதற்கு மேல் கதைக்காமல் சுலோஜனாவின் முகத்தைப் பார்த்தாள். "இப்புடித்தானாக்கா உங்களுக்கும்?"

"ஓம்," என்றாள் சுலோஜனா. "இப்பிடித்தான்."

ஊருக்குத் திரும்பிய பிறகு இருவரும் நாலு மாதம் அலைந்தார்கள். தடியோடு களப்புக்குள் இறங்கி ஆழம் அளந்தார்கள். எந்த மட்டத்தில் வயலுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்குகிறது, எந்த மாதம் இறால் விரல் பருமனாகிறது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினார்கள். பள்ளிவாசல் வாசலில் ஒரு கூட்டம், கோயில் வீதியில் ஒரு கூட்டம். கடைசியில் பாலத்துத் தூணில் சிவப்பு மையால் ஒரு கோடு கீறப்பட்டது. தண்ணீர் அதைத் தொட்டால்தான் வெட்டுவது. தொட்டதைச் சுலோஜனாவும் ஸல்ஹாவும் சேர்ந்து நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்தில் வைத்து எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் பிரகலாதனும் போட்டார்.

பிரகலாதனுக்குப் பன்னிரண்டு ஏக்கர் வயல் இருந்தது. தோப்பூர்ப் பக்கத்திலேயே பள்ளமான காணி அதுதான். ஞானசேகரம் கடலுக்குக் கொண்டுபோகிற எஞ்சின் படகும் பிரகலாதனுடையதுதான்.

படலை சாத்தப்பட்ட அந்தக் காலையில் சுலோஜனா ஸல்ஹாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"என்னையும் விடல்லக்கா," என்றாள் ஸல்ஹா. "விவசாயச் சங்கத்தால என்ட மூத்த மச்சான் வந்தாரு. 'இது ஆம்புளயள்ற வேல, நீங்க மனிசனப் பாத்துக்கிட்டு ஊட்டுல இரிங்க' எண்டு சொல்லிட்டுப் போறாரு."

"அப்ப கோட்டைப் பாக்கிறதுக்கு அங்க ஒருத்தரும் இல்லை."



நிருபனுக்கும் எடுத்தாள். அவன் கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தான். குரலைத் தணித்துக்கொண்டு, "அக்கா, பூசை, சம்பிரதாயம் எண்டு வந்தால் நாங்கள் தலையிடேலாது. அது எங்கட நிறுவனத்தின்ர கொள்கை. நீங்கள் பொறுமையா ஒரு உரையாடலைத் தொடங்கிப் பாருங்கோ," என்றான்.

அவள் படலையைத் திறந்துகொண்டு வெளிக்கிட்டாள். பாலத்தடியில் அவளோடு இறால் பிடிக்கிற பெண்களே வழியை மறித்தார்கள். நாலைந்து பேர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"போகாதை சுலோ. பிறகு ஊருக்கு ஏதும் நடந்தால் உன்னைத்தான் சொல்லுவினம்."

"இறால் போகப்போகுதடி! உங்கட இறால்!"

"தெரியும். எண்டாலும் போகாதை."

அவள் திமிறவில்லை. அவர்களுடைய கைகளில் இருந்த பயம் அவளுக்கும் தெரிந்த பயம்தான். கணவன் செத்த முப்பத்தோராம் நாள் சடங்கிலிருந்து கலியாண வீட்டு வாசலிலும், கடலுக்குப் போகிறவர்களின் எதிரிலும் அவளாகவே ஒதுங்கி நின்று பழகியிருந்தாள். அங்கேயே நின்றாள். சற்று நேரத்தில் முகத்துவாரப் பக்கம் சீனவெடி கேட்டது.

பின்னேரம் களப்பு இரைந்துகொண்டு ஓடியது. மணல்திட்டைப் பிளந்து போன தண்ணீர் மண்ணிறமாகக் கடலுக்குள் விழுந்தது. சுலோஜனா கரையில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். நெல்மணியளவு இறால்கள், கண்ணாடி மாதிரி, விரல் இடுக்கால் வழுகிப் போயின. கறுப்புக் கண்கள் மட்டும் தெரிந்தன.

அதோடு மழை விட்டுவிட்டது. வெட்டிய ஒன்பதாம் நாள் களப்பு இறங்கிக் கிடக்க, கடல் பொங்கி அதே வாயால் உள்ளே வந்தது. வாய்க்கால் வழியே உப்புத் தண்ணீர் ஏறி, தோப்பூர்ப் பக்கத்தில் நாற்பது ஏக்கருக்கு மேல் கதிர் வரமுன்னமே நெல்லை எரித்தது. ஸல்ஹாவின் இரண்டு ஏக்கரும் அதற்குள் போனது. பிரகலாதனின் வயலுக்குக் கதவு வைத்த தனி வாய்க்கால் இருந்தது. அவர் கதவைப் போட்டுக்கொண்டார்.

நாவலடித்துறைப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க வலை இழுத்தும் ஒரு கறிக்குக் காணாத இறாலோடு கரையேறினார்கள். கோயில் கிணற்றடியில் ஒருத்தி சொன்னதைச் சுலோஜனா தன் காதாலேயே கேட்டாள்.

"அறுதலி எழுதின ஒப்பந்தம், வேற என்னெண்டு முடியும்?"

சொன்னவள் பாலத்தடியில் அவளுடைய கையைப் பிடித்தவர்களில் ஒருத்தி. சுலோஜனா வாளியை நிரப்பாமலே வைத்துவிட்டு வந்தாள்.

தை மாதக் கடைசியில் ஸல்ஹா பஸ் ஏறி அவளைத் தேடி வந்தாள். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை; குசினி வாசலிலேயே நின்றாள்.

"அழிஞ்ச வயலுக்குப் பிரதேச செயலகத்தால விதைநெல்லு குடுக்கப் போறாங்களாம் அக்கா. ஆனா ஒப்பந்தப்படிதான் வெட்டினதெண்டு கடதாசி வேணுமாம். களவா வெட்டினதெண்டா ஒண்டும் இல்லையாம். நம்ம ரெண்டு பேர்ர கையெழுத்தும் கேக்குறாங்க."

"கோட்டைத் தொட்டதெண்டோ?"

"ம். நம்ம நிண்டு பாத்தமெண்டு."

சுலோஜனா அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"வெக்கச் சொல்லிக் கேக்க வரல்ல," என்றாள் ஸல்ஹா. "வெக்காதீங்க எண்டு சொல்லவும் ஏலாமக் கிடக்கு. அடுத்த போகத்துக்கு விதைக்க எங்கிட்ட ஒரு மணி இல்லக்கா."

மறுநாள் மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். பிரகலாதன் நடுவில் இருந்தார். பக்கத்தில் ஞானசேகரம். நிருபன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். தேநீர் கொடுக்கக் குணேஸ்வரி வந்திருந்தாள்.

"வா பிள்ளை," என்றார் பிரகலாதன். அவர் அவளைக் கூப்பிட்டு வரவேற்றது அதுதான் முதல் தடவை. "இதில ஒரு கையெழுத்து வை. உன்னால ஊருக்கு நல்லது நடக்கட்டும்."

"கையெழுத்துக்கு மட்டும் தாலி தேவையில்லையோ ஐயா?"

ஞானசேகரம் நிலத்தைப் பார்த்தார்.

கடதாசியை எடுத்து அவள் வாசித்தாள். நீர்மட்டம் குறியைத் தொட்டதை இரு தரப்புப் பெண் பிரதிநிதிகளும் நேரில் கண்டு உறுதிப்படுத்திய பின்னரே முகத்துவாரம் வெட்டப்பட்டது என்று அழகாகத் தட்டச்சுச் செய்திருந்தார்கள். கீழே வலப்பக்கத்தில் ஸல்ஹாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

அதைச் சுலோஜனா கனநேரம் பார்த்தாள். கோபம் வரவில்லை. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பேனையைத் திறந்தும்விட்டாள். ஆனால் எழுதத் தொடங்கிய கை வேறொன்றை எழுதியது.

'அன்று நான் அங்கே நிற்கவில்லை. நான் விதவை என்று வரவிடவில்லை. தண்ணீர் ஒரு சாண் குறைவாக இருந்தது.'

அதற்குக் கீழே தன் முழுப்பெயரையும் திகதியையும் எழுதி, கடதாசியை நிருபனிடம் நீட்டினாள். அவன் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அக்கா, இப்பிடி எழுதினால் இதை அனுப்பேலாது."

"தெரியும் தம்பி. கிழிக்காமல் வைச்சிருங்கோ."

பிரகலாதன் சத்தம் போடவில்லை. இன்னொரு பிரதி எடுக்கச் சொன்னார். ஒப்பந்தத்தில் பெண் பிரதிநிதி என்று இருக்கிறதே தவிர, இன்னாள்தான் என்று சட்டம் இல்லை, சங்கம் ஆளை மாற்றலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அச்சு இயந்திரம் இரைந்து புதுக் கடதாசியைத் தள்ளியது. அதைக் கொண்டுபோய் ஸல்ஹாவிடம் மறுபடியும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று ஞானசேகரம் சொன்னார். பிறகு தேநீர்த் தட்டோடு நின்ற மனைவியைக் கூப்பிட்டார்.

குணேஸ்வரி தட்டை வைத்துவிட்டு, சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"நான் அந்தத் தண்ணியைப் பாக்கவே இல்லையே," என்றாள் மெதுவாக.

"நீ பாக்கத் தேவையில்லை. சுமங்கலிக் கை. வை."

குணேஸ்வரி சுலோஜனாவின் பக்கம் ஒருதரம் திரும்பினாள். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, நேரமெடுத்துத் தன் பெயரை எழுதினாள்.

சுலோஜனா எழுந்து வெளியே வந்தாள். ஸல்ஹாவுக்கு விதைநெல் கிடைக்கும். அந்த மட்டில் நல்லது. தான் எழுதியதால் ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை. ஒன்றும் கூடவும் இல்லை. நிருபன் பின்னால் ஓடி வந்தான்.

"கோவிக்காதேங்கோ அக்கா. பங்குனியில அடுத்த கட்டப் பயிற்சி இருக்கு. பெண்களின்ர தொகை காணாது. வருவீங்கதானே?"

"என்னத்தைப் பற்றி?"

"பெண்களின்ர தலைமைத்துவம்."

சுலோஜனா அவனுடைய முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை, அவன் உண்மையாகவே கேட்டான்.

"குணேஸ்வரி அக்காவைக் கூப்பிடுங்கோ தம்பி," என்றாள். "ஆனால் ஐஞ்சு நாளைக்கு அவவை வெளிய விடுவினமோ எண்டு அத்தானிட்டத்தான் கேக்கவேணும்."