காப்பிப் பூச்சு

கடப்பாரையின் முதல் அடி பெயர்ப்பலகையின் மேல் விழுந்தது. ‘கலா அழகு நிலையம்’ என்று பச்சை வண்ணத்தில் எழுதிய தகரம் நடுவில் குழிந்து, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வாசற்படியில் வந்து கிடந்தது. அதை மிதித்தபடியே உள்ளே நுழைந்தான் அங்கப்பன். கலாவின் மறைந்த கணவனுக்கு உடன்பிறந்த அண்ணன் அவன். காப்பிச் செடிக்குக் குழி எடுக்கிற கடப்பாரையைத் தன் ஊரான வாழவந்தியில் பஸ்ஸேற்றி, வழி நெடுகச் சினத்தை ஊதி ஊதிக் கனலாக்கிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்திருந்தான்.

“வெளிய வா புள்ள,” என்றான். “இன்னிக்கோட இந்தப் பொழப்பு முடிஞ்சுது.”

கலா நகரவில்லை. நகரவும் இயலாது. அவளுக்குப் பின்னால், சாய்த்துப் போட்ட நாற்காலியில் ஒரு பெண் படுத்திருந்தாள். கூந்தல் முழுதும் வெள்ளைத் துண்டுக்குள் சுருண்டிருந்தது. நெற்றி தொடங்கிக் கழுத்துக் குழி வரை, காப்பிப் பொடியும் தேனும் தயிரும் குழைத்த பூச்சு கனமாய்ப் படிந்து காய்ந்துகொண்டிருந்தது. மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சு. எண்ணெய்க் காப்பிட்ட கற்சிலை போல முகத்தின் அடையாளமெல்லாம் மறைந்துபோக, மார்பு ஏறி இறங்குவது மட்டுமே அங்கே உயிருண்டு என்று சொன்னது.

அவள் கவிதா. அங்கப்பனின் ஒரே மகள்.

காலையில் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்தவள், உட்காருவதற்கு முன்பே, “சின்னம்மா, கல்யாணத்துக்குள்ள என்னைய வெள்ளையாக்கி உட்ருங்க,” என்று கெஞ்சியிருந்தாள். கொட்டச்சேட்டு ஊர்க்கார மாப்பிள்ளையின் தாய், தாம்பூலம் மாற்றிய கையோடு, புள்ள லட்சணந்தான், நிறந்தான் கொஞ்சம் மட்டு என்று சிரித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“வெள்ளையாக்குற வித்தை என் கடையில இல்ல கண்ணு. உன் நிறத்தையே பளிச்சுன்னு தொலக்கித் தாறேன். பாக்குறவங்க கண்ணு கூசோணும்.”

“நான் இங்க வந்தது அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுப்போடுவாரு.”

“என் வாயில வராது சாமி,” என்று கலா வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் அன்று இரண்டு அம்புகளை எய்திருந்தாள். ஒன்று மகளின் நிறத்தில் தைத்தது. மற்றொன்று தகப்பனின் மானத்தில். “உங்க தம்பி சம்சாரம் டூரிஸ்டுக்காரங்க காலைக் கழுவி நகம் வெட்டி உடறாங்களாமே?” என்று அவள் கேட்டது, அங்கப்பனின் காதில் ஈயமாய் இறங்கி உறைந்திருந்தது. மண்ணை வெட்டி வாழ்ந்த குடியில் ஒருத்தி, கண்டவர் காலைத் தொட்டுப் பிழைப்பதா? தம்பி செத்த பிறகு அவள் அரிசிக்கு என்ன செய்தாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் தொழிலைத் தொடங்கியதும் பலகையில் சாணி அடித்தான். பஸ் நிறுத்தத்தில், ஊரார் பார்க்க, செவிப்பறை அதிர அறைந்தான். அந்தக் காதில் அவளுக்கு இன்றும் இரைச்சல் உண்டு.

ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து கதீஜா வந்தாள். அந்த அறை அவளுடைய ஜவுளிக்கடை. நைட்டியும் ரெடிமேட் ரவிக்கையும் அடுக்கியிருந்த கடையைப் பாதியாக மறித்து, சாலையைப் பார்த்த பாதியைக் கலாவுக்குக் கொடுத்தவள். கலா அரைத்து டப்பாவில் அடைக்கும் காப்பிப் பூச்சைத் தன் கல்லாவின் முன்னால் வைத்து, ரவிக்கை வாங்க வருகிறவர்களின் கையில் திணித்துச் சேலம் வரைக்கும் விற்றுக் கொடுத்தவளும் அவளே.

“ஏனுங்க அங்கப்பண்ணே, குழி வெட்டறதுக்கு என் கடைத் தரைதான் கெடைச்சுதுங்களா?”

“நீ அக்கட்டால போ, பாயூட்டம்மா. எங்க ஊட்டுப் பொம்பளைக்கு எடங்குடுத்துக் கெடுத்ததே நீதான்.”

“எடந்தானுங்க குடுத்தேன். தொழிலு அவ கையில இருந்துச்சு. உங்களுக்கும் கையி ரெண்டு இருக்குது, இடிக்கத்தான் தெரியுது.”

கடப்பாரை சுழன்றது. காப்பிப் பூச்சு டப்பாக்கள் அடுக்கியிருந்த அலமாரி ஒரே அடியில் இரண்டாய்ப் பிளந்து சரிந்தது. டப்பாக்கள் உருண்டு, மூடி தெறித்து, கரிய கூழ் தரையெல்லாம் கொட்டியது. கால் கழுவும் தொட்டியை அவன் உதைத்த உதையில் வெந்நீர் கதீஜாவின் முழங்கால் வரை சிதறியது. அவள் அலறிப் பின்வாங்கினாள். கலா குறுக்கே பாய்ந்தாள். அவன் அவளுடைய கொண்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்தது. வாயில் இரும்பின் சுவை பரவியது.

“யாரும்மா அது, மகாராணியாட்டம் படுத்திருக்கறது?” நாற்காலியைப் பார்த்து அவன் கத்தினான். “ஊடு இடியுது, அசையுறாளா பாரு! எந்திரிச்சு ஓடு!”

நாற்காலியில் இருந்தவள் அசையவில்லை. அவளுடைய விரல்கள் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்ததைக் கலா மட்டுமே கண்டாள். தகப்பனின் குரலைக் கேட்ட குழந்தை, பூச்சுக்குள் தன்னை மறைத்துக்கொண்டு மூச்சையும் அடக்கிக் கிடந்தது. அவன் உடைப்பதை உடைத்துவிட்டுப் போய்விடுவான், போகிறவரை கல்லாய்க் கிடந்தால் போதும் என்று நம்பிக் கிடந்தது.

ஒரு சொல் போதும். மாமா, அது உங்க மக. அந்தச் சொல் கலாவின் நெஞ்சிலிருந்து கிளம்பி நாக்கின் நுனிவரை வந்து நின்றது. சொன்னால் கடப்பாரை கடையை விட்டு மகளின் மேல் திரும்பும் என்று அஞ்சினாள். கொடுத்த வாக்கும் வாயைக் கட்டியது. சேர்வராயா, இவனைத் திருப்பி அனுப்பு என்று மலைச்சாமியை நோக்கி மனம் கூவியது. உதடு திறக்கவில்லை.

அந்த அசைவின்மையை அங்கப்பன் செருக்கு என்று கொண்டான். சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த எவளோ ஒருத்தி, தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கிடக்கிறாள் என்று கொண்டான். “உன்னையத்தாண்டி!” என்று கூவி, முழு பலத்தையும் காலில் திரட்டி நாற்காலியை உதைத்தான்.

நாற்காலி சுழன்று கவிழ்ந்தது. அதிலிருந்தவள் தூக்கி எறியப்பட்டு, சுவரோரம் நின்ற ஆளுயரக் கண்ணாடியில் முகம் மோதி விழுந்தாள். கண்ணாடி ஒரு கணம் வெறும் விரிசலாய் நின்றது. பின்பு முழுவதும் அவள்மேல் சொரிந்தது.

ஓசை அடங்கியபோது தரையில் கிடந்தவள் முழங்கையை ஊன்றி எழ முயன்றாள். இடக் கண்ணின் கீழிருந்து தாடை வரை சதை திறந்திருந்தது. பூச்சை அறுத்துக்கொண்டு குருதி வழிந்தது. வழிந்த இடமெல்லாம் பூச்சு கரைந்து, கரிய இளந்தோல் வெளிப்பட்டது.

“அப்பா,” என்றாள் அவள்.

கடப்பாரை அவன் கையிலிருந்து நழுவி அவன் பாதத்தின் மேலேயே விழுந்தது. அவன் அதை உணரவில்லை.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்துக் கட்டி, தையலுக்குச் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சரக்கெடுக்க வைத்திருந்த தன் ஓம்னி வேனைக் கதீஜாவே ஓட்டினாள். வெந்நீர் பட்ட கால் கொப்பளித்திருக்க, அந்தக் காலாலேயே பிரேக்கை மிதித்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். பின்னிருக்கையில் மகளின் தலையை மடியில் வைத்து, கடையிலிருந்து அள்ளிவந்த புதுத் துண்டுகளைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டிருந்தான் அங்கப்பன். துண்டு நனைந்து கனத்தது. அடுத்ததை எடுத்தான். வளைவுக்கு வளைவு நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டு, “எஞ்சாமி, எஞ்சாமி” என்று ஊளையிட்டான். அடிவாரம் வருவதற்குள் கவிதா அவன் அழுகையைக் காதில் வாங்குவதை நிறுத்தியிருந்தாள். அவள் கை மட்டும் கலாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது.

தையல் அறைக் கதவு சாத்திய பிறகு, அங்கப்பன் கலாவின் அருகில் வந்து உட்கார்ந்தான். அவள் கடை திறந்த இரண்டு ஆண்டுகளில் அவன் அவளருகே உட்கார்ந்தது அதுவே முதல்முறை.

“போலீசு வருமாம்,” என்றான், தணிந்த குரலில். “கண்ணாடி தானாக் கழண்டு விழுந்துச்சுன்னு சொல்லிப்போடு கலா.”

அவள் சேலைத் தலைப்பால் உதட்டுக் குருதியைத் துடைத்தாள்.

“கேஸுன்னு ஆச்சுன்னா கல்யாணம் நின்னுரும். நான் உள்ள போயிட்டா இவளை ஆரு பாக்கறது? நீ மட்டும் சொல்லிரு. அப்பறம் உங்கடைப் பக்கம் ஒரு பய வரமாட்டான். நானே முன்ன நின்னு பலகை மாட்டித் தாறேன். கோயில்ல, சனத்துக்கு முன்னால, எந்தம்பி பொண்டாட்டி தொழிலுக்கு நான் பொறுப்புன்னு சொல்றேன். போதுமா?”

அவள் இரண்டு ஆண்டுகளாய் வேண்டி நின்ற வரம் அது. ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம். இரவில் கதவில் கல் விழாது. ஆனால் அந்த வரத்தின் விலையை அவள் மனம் மெல்ல மெல்லத் தொட்டுப் பார்த்தது. கண்ணாடி தானாக விழுந்தது என்றால், விழும்படி மாட்டியவள் கலா. நம்பிக் கண்ணை மூடிச் சாய்ந்த பெண்ணின் முகத்தைக் கிழிக்கவிட்டவள் கலா. அந்தப் பேச்சு மலையேறிவிட்டால், அவள் கடை நாற்காலியில் இனி எவள் வந்து சாய்வாள்? அவன் பலகையை மாட்டித் தருவான். பலகைக்குக் கீழே கடை இருக்காது. அதைவிட, உள்ளே ஊசி ஏறிக்கொண்டிருக்கும் அந்தக் கன்னம் வாழ்நாள் முழுதும் ஒரு பொய்யைச் சுமக்கும்.

“அக்கா,” என்று எதிர் பெஞ்சைப் பார்த்தாள்.

கதீஜா காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். “என்னையக் கேக்காத கண்ணு. நான் பாத்ததை நான் சொல்லுவேன். நீ பாத்ததை நீ சொல்லு. பொய்யி சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிரு, நான் வேனைக் கெளப்பிட்டுப் போறேன். அடுத்த பாதிக் கடைக்கு வேற ஆளைப் பாக்கோணும்.”

காவலர் வந்தார். களைத்த முகம், பல விபத்துகளை எழுதிச் சலித்த கை. “எப்படிம்மா அடிபட்டுச்சு?”

“கண்ணாடி…” என்று அங்கப்பன் தொடங்கினான்.

“கண்ணாடி தானா விழலீங்க,” என்றாள் கலா. கிழிந்த உதட்டில் ஒவ்வொரு எழுத்தும் எரிந்தது. “இவரு நாற்காலிய எட்டி ஒதச்சாரு. புள்ள எகிறிப் போயிக் கண்ணாடில விழுந்துருச்சு. கடப்பாரையும் கொண்டாந்திருந்தாரு. கடையில கெடக்குது, பாருங்க.”

“ஐயா, அவ எம் மகங்க!” அங்கப்பன் எழுந்து நெஞ்சில் அறைந்துகொண்டான். “பெத்த புள்ளைய ஆராவது ஒதப்பாங்களா? மூஞ்சி பூரா என்னத்தையோ பூசிக் கெடந்துச்சு. எம் புள்ளைன்னே எனக்குத் தெரியாதுங்க!”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“அப்ப ஆருன்னு நெனச்சு ஒதச்சீங்க?” என்று கேட்டார் காவலர்.

  சொல் கிடைக்காத அங்கப்பனின் சினம் கைக்கு இறங்கியது. திரும்பியவன் கலாவின் கழுத்தை இரு கைகளாலும் பற்றிச் சுவரோடு சேர்த்து நெரித்தான். மண்ணையும் கல்லையும் பிளந்து பழகிய விரல்கள். அவளுடைய குதிகால் தரையை விட்டு எழும்பியது. கண்ணில் பொறி பறந்து, பார்வை கருஞ்சிவப்பாய்ச் சுருங்கியது. காவலர் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார், பிடி தளரவில்லை. கதீஜா கொப்பளித்த காலோடு பாய்ந்து அவன் மணிக்கட்டில் பல்லைப் பதித்தாள். குருதி கசியும் வரை விடவில்லை. அவன் அலறிக் கையை உதறினான். அதற்குள் மருத்துவமனை ஆட்கள் ஓடிவந்து அவனைத் தரையில் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். கன்னம் தரையில் நசுங்க, அவன் அப்போதும், “தெரியாதுங்க, எம் புள்ளைன்னு தெரியாதுங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

தையல் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் கவிதா விழித்திருந்தாள். முகத்தில் பாதியைக் கட்டு மூடியிருந்தது. மற்ற பாதி எல்லாவற்றையும் கேட்டிருந்தது.

கொட்டச்சேட்டு மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். வாழவந்தியில் குடும்ப வீட்டின் பின்கட்டில் கலா குடியிருந்த அறையிலிருந்து அவள் பெட்டியும் பாயும் மழையில் வீசப்பட்டுக் கிடந்தன. ஊட்டுக்குள் இனி அடியெடுத்து வைக்கக் கூடாது என்று அங்கப்பனின் மனைவி ஆள் விட்டுச் சொன்னாள். கதீஜா ஜவுளி மூட்டைகளை ஒதுக்கிக் கடையின் பின்னறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தாள். “குறட்டை உட்டீன்னா மட்டும் வெளிய தள்ளிருவேன்,” என்றாள்.

கன்னத்தில் தையல் பிரித்த அன்று கவிதா வந்தாள். முக்காடு இல்லை. பஸ்ஸில் எல்லோரும் பார்க்கத்தான் வந்திருந்தாள். கோணல் நிமிர்த்திய நாற்காலியில் ஏறி அமர்ந்து, ஜவுளிக் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டிய கண்ணாடியை நேராகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை தடித்த சிவந்த வரி. கலா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…” என்று தொடங்கினாள்.

“சொல்லியிருந்தா என்னைய இழுத்துட்டுப் போயிருப்பாரு. உங்களை ஒதச்சிருப்பாரு,” என்றாள் கவிதா. “நானும் போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன் சின்னம்மா. எம் புள்ளைன்னு தெரியாதுன்னு இன்னமும் சொல்லிட்டிருக்காரு. வேற ஆரோ ஒருத்தியா இருந்தா ஒதைக்கலாமாமா?”

கலா சீப்பை எடுத்தாள்; வைத்தாள். “மறைக்கோணுமா கண்ணு? எனக்கு மறைக்கத் தெரியும்.”

கவிதா அந்த வரியின் மேல் விரலால் ஒருமுறை தடவினாள். வலித்திருக்க வேண்டும்; புருவம் நெளிந்தது.

“அது அப்படியே கெடக்கட்டும். புருவம் மட்டும் எடுத்து உடுங்க. காடாட்டம் வளந்து கெடக்குது.”

கலா நூற்கண்டிலிருந்து நூலை இழுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, விரல்களில் முறுக்கினாள். நூல் விறைத்தபோது, அங்கப்பனின் கட்டைவிரல் பதிந்த இடத்தில் அவளுடைய கழுத்து சுரீரென்று வலித்தது. வலியோடு குனிந்து, முதல் முடியைப் பிடுங்கினாள்.