அகாடமி கொடுத்த டேப்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும் என்று என் மாமியார் சொல்வார். அன்று காலை அந்தப் பல்கலைக்கழகக் கூடத்துக்குள் நுழைந்தபோதே என் காது சிவந்துதான் இருந்திருக்க வேண்டும். சுவரில் வரிசையாகப் பத்து சார்ட். ஒவ்வொன்றின் அடியிலும் கொட்டை எழுத்தில் ஒரு விடை. ஒன்பது சார்ட்டில் 9.8, அல்லது அதன் பக்கத்து வீடு. பத்தாவதில் 10.3. அந்தப் பத்தாவது எங்களுடையது.

நான் ஒரு சின்னக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். அறிவியல் அகாடமி என்றால் பெரிய பெரிய விஞ்ஞானிகள் தங்களுக்குள் ஆளைத் தேர்ந்தெடுத்து, தங்களுக்குள் பேசி, தங்களுக்குள் கைதட்டிக்கொள்ளும் இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்களுக்கே அது அலுத்துவிட்டது போலிருக்கிறது. பல்கலைக்கழகங்களைத் தேடிப் போவோம், மக்களைத் தேடிப் போவோம் என்று மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. கடைசி நாள் பொதுமக்களுக்குக் கதவு திறந்திருக்கும். எந்தக் குழு நன்றாகச் செய்கிறதோ அந்தக் குழுவின் கல்லூரிக்கு ஓர் ஆய்வகத்துக்கு வேண்டிய கருவிகள் அத்தனையும் இலவசம்.

அந்தக் கருவிகள் கூடத்தின் மூலையிலேயே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. மேல் பெட்டி திறந்திருந்தது. உள்ளே புத்தம்புது ஸ்டாப்வாட்ச்சுகள், முட்டை அடுக்கினாற்போல. எங்கள் ஆய்வகத்தில் ஓடுகிற ஸ்டாப்வாட்ச் இரண்டே இரண்டு. வகுப்பிலோ பிள்ளைகள் நிற்க இடமிருக்காது. பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்களின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தே பட்டம் வாங்கிப் போகிறார்கள். "ஊசல் சோதனை செஞ்சியா?" என்று கேட்டால் "பார்த்தேன் மேடம்" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்தப் பெட்டிகள் எனக்கு வேண்டும். ஆசைப்பட்டேன் என்று சொல்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

கடைசி நாளுக்குக் கொடுத்த சோதனையும் அதே ஊசல்தான். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். நூலின் நீளத்தையும், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தையும் அளந்தால், பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். விடை 9.8 என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வினையே அதுதான்.

"மேடம், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்," என்றார் என் குழுவில் இருந்த இளைய ஆசிரியர். எதிலும் பறக்கிற ஆள் என்பதால் பிள்ளைகள் இவருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தார்கள். அதுவே ஸ்டாஃப் ரூமிலும் நிலைத்துவிட்டது. "அந்தப் பத்து புள்ளி மூணு மேல ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ஒன்பது புள்ளி எட்டுன்னு எழுதிடறேன். ரெண்டு நிமிஷ வேலை. யாரு பாக்கப் போறா?"

"நமக்கு வந்தது அதுதானே?"

"வந்தது தப்பு மேடம்!"

"எங்க தப்புன்னு காட்டுங்க. நானே மாத்தறேன்."

அவரால் காட்ட முடியவில்லை. என்னாலும்தான். ஸ்டாப்வாட்சை போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. நீளத்தைக் குண்டின் நடுவரைக்கும் எடுத்தாயிற்று. காற்றுப் படாமல் ஜன்னலைச் சாத்தி, அவசரத்தையே எண்ண விட்டு, பிறகு நானே எண்ணி, எப்படிச் செய்தாலும் அந்த 10.3 தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கைத்தவறு என்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இது அப்படியில்லை, ஒழுங்கான தப்பு. ஒழுங்காக வருகிற தப்புக்கு ஒரு காரணம் இருந்தே தீரும். அது தெரியாமல் எண்ணை மட்டும் மாற்றுவதற்கு நான் எதற்கு, பாடப்புத்தகம் போதுமே.

"உங்க பிடிவாதத்துல பெட்டி போகப் போகுது," என்று முணுமுணுத்துக்கொண்டே அவசரம் தள்ளிப் போய் நின்றார்.

கதவைத் திறந்தார்கள். மக்கள் வந்தார்கள். வாசலிலேயே ஒவ்வொருவர் கையிலும் நிகழ்ச்சி நிரல் அச்சடித்த தாள் ஒன்றும், மஞ்சள் நிறத்தில் ஒரு டேப்பும் கொடுத்தார்கள். அகாடமி தன் பெயரில் செய்யச் சொல்லி வாங்கிய டேப். தலைப்பில் அகாடமியின் முத்திரை, அதன் கீழே 'அளந்து பார்த்து நம்பு' என்று ஒரு வாசகம். வாரம் முழுவதும் பத்துக் குழுக்களும் அளந்தது இந்த டேப்பை வைத்துத்தான்.

வந்தவர்களில் என் மாமியாரும் ஒருவர். நான் கூப்பிடவில்லை. "பொதுமக்கள் வரலாம்னு போட்டிருக்கே, நான் என்ன பொதுமக்கள் இல்லையா?" என்று முந்தின நாளே கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றது சம்பளம் மட்டும்தான், திருத்துவது நிற்கவில்லை. என் சமையல், என் கையெழுத்து, நான் துணி காயப்போடுகிற விதம், எல்லாவற்றிலும் அவருடைய சிவப்பு மை பட்டாக வேண்டும். நேராக வந்து முதல் வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, என் சார்ட்டைப் பார்த்தார். பிறகு மற்ற ஒன்பதையும் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். போச்சு, இனி வீட்டில் ஒரு மாதத்துக்கு இதே பேச்சுத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசு யாருக்கு என்று முடிவு செய்ய அகாடமியின் உறுப்பினர் ஒருவர் அன்று காலைதான் வந்திறங்கியிருந்தார். மார்பு வரை தாடி. டேப்பைத் தையற்காரர் மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு, கையில் மைக்கோடு ஒவ்வொரு சார்ட்டாகப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தார். "அருமை", "பிரமாதம்", "ரொம்ப நேர்த்தி". எங்கள் சார்ட்டுக்கு வந்ததும் நின்றார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"என்ன மேடம், பூமி உங்க மேஜைக்கு அடியில மட்டும் கொஞ்சம் கூடுதலா இழுக்குதோ?"

கூடம் கொல்லென்று சிரித்தது. கெட்ட மனிதர் இல்லை, கலகலப்பாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"நாங்க அளந்ததை எழுதியிருக்கோம் சார்."

"சரியான விடை தெரியும்ல?"

"நல்லாத் தெரியும். அது வரலை."

"எங்க பிசகுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"இன்னும் இல்லை சார்."

அவர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று தலையாட்டினார். அந்தப் பரவாயில்லையோடு பெட்டிகள் கைவிட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கே, எங்கே தப்பு என்று மனசு அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து முதல் வரிசையிலிருந்து மாமியாரின் குரல். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ரகசியம் சொல்வதாக அவருக்கு நினைப்பு. வகுப்பு நடத்திப் பழகிய தொண்டை, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"இந்த அநியாயத்தைப் பாரேன். நேத்துதான் டெய்லர் எனக்கு இடுப்பு அளவு எடுத்தா, தொண்ணூறு சென்டிமீட்டர். சும்மா இருக்கோமேன்னு இப்ப இதுல அளந்தா தொண்ணூத்தஞ்சுகிட்ட வருது. ஒரே நாள்ல இடுப்பு இப்படியா பெருக்கும்? காலையில ரெண்டு இட்லிதானே..." என்று ஆரம்பித்தவர், எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

மறுபடியும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. நூலைச் சந்தேகப்பட்டேன், குண்டைச் சந்தேகப்பட்டேன், கடிகாரத்தை, காற்றை, அவசரத்தை, என்னையே சந்தேகப்பட்டேன். டேப்பைச் சந்தேகப்படவில்லை. முத்திரை குத்தியிருந்ததே, எப்படித் தோன்றும்?

மேஜை மேல் கிடந்த நிகழ்ச்சி நிரலை எடுத்தேன். சாதாரண ஏ4 தாள். அதன் நீளம் இருபத்தொன்பது புள்ளி ஏழு சென்டிமீட்டர் என்பது பிரிண்டரோடு மல்லுக்கட்டிய யாருக்கும் மனப்பாடம். டேப்பை வைத்தேன். முப்பத்தொன்றைத் தாண்டி நின்றது. இன்னொரு தரம் வைத்தேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! ஓடிப்போய் அந்தத் தாளையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சார், அந்த மைக்கை ஒரு நிமிஷம் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை, நான்தான் வாங்கிக்கொண்டேன்.

"எல்லாரும் உங்க கையில இருக்கிற தாளை எடுங்க. அந்த மஞ்சள் டேப்பால நீளத்தை அளங்க. இருபத்தொன்பது புள்ளி ஏழு இருக்கணும். என்ன வருதுன்னு சொல்லுங்க!"

கூடம் முழுக்கச் சரசரவென்று தாள் சத்தம். வாரம் முழுவதும் நடந்த எந்தச் சொற்பொழிவுக்கும் இவ்வளவு தலைகள் குனியவில்லை. "முப்பத்தொண்ணே கால்!" என்று ஒரு குரல். "எனக்கும் அதே!" "இங்கயும் முப்பத்தொண்ணு சொச்சம்!" தாடிக்காரரும் கழுத்திலிருந்த டேப்பை உருவித் தன் தாளில் வைத்துப் பார்த்தார். அவருடைய முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

இதற்குள் அவசரம் ஓடிப்போய்ப் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து ஒரு மர மீட்டர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனிதரின் வேகம் உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். டேப்பில் நூறு என்று போட்டிருந்த இடம் அளவுகோலில் தொண்ணூற்றைந்தில் வந்து நின்றது. அச்சடித்தவர்கள் கோடுகளை நெருக்கிப் போட்டுவிட்டார்கள். நூலின் உண்மையான நீளத்தைப் போட்டு, எல்லோரும் பார்க்கச் சார்ட்டின் ஓரத்திலேயே கணக்கைப் போட்டேன். 9.8 வந்தது.

கைதட்டல் எழுந்தது. தாடிக்காரரும் தட்டினார். நான் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப்போனேன்.

"ஒரு சந்தேகம் சார்." மாமியார் எழுந்து நின்றிருந்தார். "டேப் எல்லாக் குழுவுக்கும் இதேதானே?"

"இதேதாம்மா."

"நூலையும் இதை வச்சுத்தானே அளந்தாங்க?"

"ஆமா."

"அப்ப மத்த ஒன்பது பேருக்கு எப்படி சரியா வந்துச்சு?"

கைதட்டல் அப்படியே அடங்கிப் போனது. ஒன்பது சார்ட்டுக்கும் சொந்தக்காரர்கள் கூடத்துக்குள்தான் இருந்தார்கள். ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் போனை எடுத்தார். கதவோரம் நின்ற ஒருவர் மட்டும் மெதுவாக நடந்துபோய்த் தன் சார்ட்டின் ஊசிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. அவருடைய கல்லூரியிலும் பின்வரிசைப் பிள்ளைகள் இருப்பார்கள்.

"கழட்டாதீங்க சார், இருக்கட்டும்," என்றார் தாடிக்காரர். பிறகு மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார். "முதல் தப்பு எங்களோடது. அளந்து பார்த்து நம்புன்னு அச்சடிச்சோம். அந்த டேப்பை எங்கள்ல ஒருத்தர்கூட அளந்து பாக்கலை. கொஞ்ச முன்னால நான் இந்த மேடத்தைக் கிண்டல் பண்ணினேன். அதுக்கும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

இவ்வளவு பெரிய கூடத்தில் இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்த நிமிஷத்தில் எனக்கு அகாடமி மேலேயே மரியாதை வந்தது. சாயங்காலம் வரை இருந்த நிகழ்ச்சிகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, பத்து மேஜைகளிலும் ஊசலைத் திரும்ப ஆட விட்டார்கள். இந்தத் தடவை எண்ணியதும் அளந்ததும் வந்திருந்த மக்கள். ஆசிரியர்கள் தள்ளி நின்று பார்த்தோம். ஒரு மேஜையில் 9.6, இன்னொன்றில் 9.9. எதையும் யாரும் திருத்தவில்லை. மாமியார் மேஜை மேஜையாகப் போய் "எண்ணும்போது பேசாதீங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டிகள் எங்கள் கல்லூரிக்குத்தான் என்று தாடிக்காரர் அறிவித்தபோது அவசரம் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

கிளம்பும்போது தாடிக்காரர் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க மேடம். பரிசு போயிடும்னு தெரிஞ்சும் ஏன் அந்த எண்ணை மாத்தலை?"

"முதல் வரிசையில யாரு உக்காந்திருந்தாங்கன்னு பாத்தீங்கல்ல சார். வீட்டுக்குப் போனா நான் அவங்களுக்கு பதில் சொல்லணும்."

அவர் தாடி குலுங்கச் சிரித்தார். மாமியார் காதிலும் அது விழுந்திருக்கிறது.

பெரிய பெட்டிகளைப் பிறகு லாரியில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பொறுமையில்லை, ஸ்டாப்வாட்ச் பெட்டியை மட்டும் கையோடு வாங்கிக்கொண்டுவிட்டேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் ஜன்னலோரம். சார்ட்டில் கோணலாக எழுதியிருந்த தலைப்பைப் பற்றியும், அடிக்கோடு போடாததைப் பற்றியும் ஒரு பாட்டம் சொல்லி முடித்தார்.

"ஏம்மா," என்றார் திடீரென்று. "நான் இன்னிக்கு வராம இருந்திருந்தா அந்த எண்ணை மாத்தியிருப்பியா?"

"மாட்டேன் அத்தை."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒரு பதிலை அவர் திருத்தாமல் விட்டது அன்றைக்குத்தான். நான் அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.