அன்பளிப்பு என்று அனுப்பிய பணம்

இணையத்தில் பொருள் வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கான சேவை நிறுவனம் ஒன்றில் தங்கைக்கு வேலை. புகார் சொல்ல வருகிறவர்களுக்கு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். குரலும் கிடையாது, முகமும் கிடையாது. அழுகிறவர், திட்டுகிறவர், கெஞ்சுகிறவர் எல்லோருக்கும் ஏற்கெனவே எழுதிவைத்த வாக்கியங்கள் உண்டு. பொருத்தமானதை எடுத்து அனுப்பினால் போதும். சேர்ந்த புதிதில் சிலருடைய புகாரைப் படித்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதிருக்கிறாள். பிறகு மனம் மரத்துப்போய்விட்டது.

அன்று மதியம் திறந்த புகாரில் அக்காவின் பெயர் இருந்தது. அதே பெயரில் வேறு யாரோ என்று நினைத்து முகவரியைப் பார்த்தாள். அக்காவேதான்.

பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அத்தான் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அக்கா மருத்துவமனை விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். அவரை வெளியே கூட்டிப்போக பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்றை அவள் தேடிக்கொண்டிருந்தது தங்கைக்குத் தெரியும். பணம் கட்டிவிட்டது தெரியாது.

நாற்காலி வரவில்லை, விற்றவர் போனை எடுப்பதில்லை, அந்தக் கடையின் பக்கமே இணையத்தில் இப்போது இல்லை என்று அக்கா எழுதியிருந்தாள். தங்கை கணக்கைத் திறந்து பார்த்தாள். பொருளுக்கான பணம் என்று அனுப்பியிருந்தால், பொருள் வராதபோது நிறுவனம் விசாரித்துத் திருப்பிக் கொடுக்கும். அக்கா அனுப்பியது உறவினருக்கு அன்பளிப்பு என்று. அதற்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

ஏன் அப்படி அனுப்பினீர்கள் என்று தங்கை, தான் யார் என்று சொல்லாமல், எழுதிக் கேட்டாள். சேவைக் கட்டணம் மிச்சமாகும், அதை விலையில் கழித்துக்கொள்கிறேன் என்று விற்றவர் சொன்னாராம். தங்கமான மனிதராகத் தெரிந்தாராம். நோயாளியின் எடை என்ன, எந்தக் கை வேலை செய்கிறது என்று பக்குவமாக விசாரித்தாராம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு செய்தி வந்தது.

"என் தங்கச்சி உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்குறா. தெரியாதவங்களுக்கு அப்படி அனுப்பாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னா. அவளுக்கு மட்டும் இது தெரியாம பாத்துக்கோங்க."

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். உள்ளே ஏதாவது புரளும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சொந்தக்காரர்களின் புகாரை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. பக்கத்து இருக்கைக்காரருக்கு மாற்றினாள். மண்டையில் ஒரு முடிகூட இல்லாததால் அவரை எல்லோரும் சீப்பு என்று கூப்பிடுவார்கள். அவர் படித்துவிட்டுத் திரும்பினார்.

"யாரு?"

"அக்கா."

"என்ன அனுப்பட்டும்?"

"எப்பவும் அனுப்பறதையே அனுப்புங்க. போலீஸ்லயும் பேங்க்லயும் உடனே சொல்லச் சொல்லுங்க."

அவர் அனுப்பினார். எதிர்முனையில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது, "சரிங்க, ரொம்ப நன்றி" என்பது மட்டும்தான். தங்கை அடுத்த புகாரைத் திறந்தாள். யாருக்கோ கிழிந்த செருப்பு வந்திருந்தது.

வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். நாற்காலி திரும்புவதற்கு இடம் வேண்டும் என்று அலமாரியை நகர்த்தியிருந்தார்கள். அது நின்ற இடத்தில் சுவர் மட்டும் புதிதாக வெளுத்துத் தெரிந்தது. அத்தான் கோணிய வாயால் நாற்காலியைப் பற்றிக் கேட்க, கப்பலில் வருகிறது, கொஞ்சம் தாமதமாகுமாம் என்று அக்கா தடுமாறாமல் சொன்னாள். தேநீர் போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போனாள். தங்கையும் பின்னாலேயே போனாள்.

"அக்கா, அது வராது."

அக்கா திரும்பவில்லை. குழாயை மூடினாள்.

"அந்தப் பக்கம் இருந்தது நீதானா?"

"முதல்ல நான். அப்புறம் வேற ஒருத்தர்."

"ஏன்டி சொல்லல?"

"சொல்ல வரல."

அக்கா தலையாட்டினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று தங்கைக்குத் தோன்றியது. இருவரும் பால் பொங்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் போனார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்கள். பணம் போன கணக்கு அன்றைக்கே துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது, கிடைத்தால் சொல்கிறோம் என்றார்கள். யாரும் சொல்லவில்லை.

அத்தானிடம் விஷயத்தைச் சொன்னது அக்காதான். அவர், என் எடையைக் கேட்டதும் ஆள் பயந்து ஓடிவிட்டான் போல என்று குழறினார். அது நகைச்சுவை என்று புரிய அவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் சிரிப்பு வரவில்லை.

சலவைக்கூடத்து மேலாளர் சொல்லி, மருத்துவமனை கழித்துப்போட்ட கையால் தள்ளும் நாற்காலி ஒன்று கிடைத்தது. அதற்கு இடப்பக்கமாக இழுக்கும் வியாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தள்ள, தங்கை கூடவே நடந்தாள். அத்தான் போகிற வருகிற வண்டிகளை ஒன்றுவிடாமல் பார்த்தார். அக்கா நாற்காலியை நேராகப் பிடிக்க உடம்பையே சாய்த்துத் தள்ளவேண்டியிருந்தது.

"கை வலிக்குதாக்கா?"

"தெரியலடி, மரத்துப்போச்சு" என்றாள் அக்கா.

தங்கை ஒரு கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.