கோல்ட்ரூட்டே பூத்த பிறகு

சுந்தரேஸ்வரி தோட்டத்தில் கோல்ட்ரூட்டே என்ற மஞ்சள் பூச்செடியை நட்ட நாளிலிருந்தே வீட்டில் சண்டைதான். அவள் கணவன் செல்வராசாவுக்குக் குளவி விஷம் ஆகாது. போன வருடம் ஒரு குளவி குத்தி, மூச்சடைத்து ஆஸ்பத்திரியில் கண்விழித்தவர்.

"குளவியை வெத்திலை வைச்சுக் கூப்பிடுறீர் போல கிடக்கு," என்றார்.

"இது கனடாவில இருந்து வந்து றெயில் பாதையெல்லாம் பரவுற சாதி இல்லையப்பா. இந்த நாட்டுச் செடி. மற்றப் பூவெல்லாம் முடிஞ்சாப் பிறகு தேனீக்கு வேற என்ன கிடக்கு?"

அவர் உட்காரும் கதிரைக்கு எட்டாத மூலையில்தான் நட்டாள். செப்டெம்பரில் அந்த மூலை மஞ்சளாகப் பூத்து நின்றது. பூவுக்குப் பூ தேனீ.

அன்று பின்னேரம் தோட்ட வாசல் குழாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியவள், வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். செல்வராசா செடிகளுக்குப் பக்கத்தில் புல்லில் கிடந்தார். உதடு தடித்து, முகம் வீங்கி, மூச்சு விசில் அடித்தது.

'நான்தான் இவரைக் கொன்றுபோட்டன்.'

டாக்டர் கொடுத்த அவசர ஊசி இருந்த அவருடைய ஜாக்கெட் தோட்டக் குடிசைக்குள் தொங்கியது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். ஊசியின் எந்தப் பக்கத்தைத் தொடையில் குத்துவது என்பதே ஒரு கணம் மறந்து போய்விட்டது. நீல மூடியைக் கழற்றி, காற்சட்டைக்கு மேலாகவே குத்தி அழுத்திப் பிடித்தாள். "ஹில்ஃபே!" என்று உதவி கேட்டு அவள் அலறியதில் பக்கத்துத் தோட்டக்காரி ஓடி வந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தேனீக்களோ ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் பூக்களில் இருந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு நாக்குத் தடிப்போடுதான் பேச்சு வந்தது.

"எல்லாத்தையும் பிடுங்கப் போறன்," என்றாள்.

"வேண்டாம். குளவி அப்பிள் யூசுக்குள்ள கிடந்தது. பாக்காமல் குடிச்சிட்டன், நாக்கில குத்திப்போட்டுது. உம்மைக் கூப்பிட எழும்பி வந்தன், அதிலயே விழுந்திட்டன்."

"உண்மையாவோ?"

"ஓம். பூவில பிழை இல்லை."

அவள் பிடுங்கவில்லை. ஆனால் பயம் அவளை விட்டுப் போகவில்லை. அடுத்த கிழமை அவரே கதிரையை மஞ்சள் பூக்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, "இஞ்ச பாருமன், எத்தினை விதமான தேனீ!" என்று கையைக் காட்டினார்.

சுந்தரேஸ்வரி பூக்களைப் பார்க்கவில்லை. அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.