'இதர'வில் போட்ட கேள்வி

மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அப்பா கேட்டார்.

"'பெருமை'க்கு எத்தனை பக்கம் இருக்கு?"

"முதல்ல முழுங்குங்கப்பா."

"எத்தனை?"

"நூத்திப் பத்து. தண்ணி குடிங்க."

குடித்தார். பாதி கழுத்தில் வழிந்தது. மகள் துண்டால் துடைத்தாள், தேவைக்கு மேலேயே அழுத்தி. டாக்டர் இரண்டு நாள் தாங்குவார் என்று சொல்லி நான்கு நாளாயிற்று. தபால் நிலையத்தில் அவளுடைய விடுப்பு நாளையோடு முடிகிறது. இவரானால் அச்சுப்படியை மார்பிலிருந்து இறக்க மாட்டேன் என்கிறார்.

விண்வெளிக் குழுவின் கூட்டக் குறிப்புகளுக்கு நாற்பது வருடம் அடைவு தயாரித்தவர் அவர். எந்தப் பேச்சு எந்தப் பக்கத்தில் என்று. ஓய்வு பெற்றவரை மறுபடி கூப்பிட்டு, எல்லாத் தொகுதிக்கும் சேர்த்து ஒரே அடைவு கேட்டிருந்தார்கள்.

ஆரம்பத்தில் உறுப்பினர்கள் பெருமை, போட்டி என்றே பேசினார்கள். பிறகு, இதனால் மீனவனுக்கு என்ன பிரயோஜனம், மழையைச் சொல்லுமா என்றார்கள். அதற்கப்புறம் சந்தை, தனியார், வாடகை. இப்போது எங்கே திறந்தாலும் குப்பை: மேலே சுற்றும் உடைசலை யார் அள்ளுவது. "அதே ரூம், அதே டீ. வார்த்தை மட்டும் மாறிட்டே வந்துச்சு" என்பார். ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள்.

"'குப்பை' எங்கேர்ந்து ஆரம்பிக்குது பாரு."

"இருபத்தெட்டாம் தொகுதி."

"தப்பு. ஒன்பதுலயே ஒரு அம்மா கேட்டாங்க, மேல விடுறதையெல்லாம் யாரு கீழ இறக்குவாங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். 'இதர'வுல போட்டுட்டேன்."

"இப்ப அதுக்கு என்னப்பா?"

"எடுத்து மாத்து."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா செத்த அன்னிக்கும் அடைவு அட்டையைத்தான் அடுக்கிட்டிருந்தீங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"'ந' வரிசை," என்றார் கடைசியில். "அன்னிக்கு அடுக்கினது ஒண்ணுகூடச் சரியில்ல. அப்புறம் மொத்தத்தையும் பிரிச்சேன்."

அவள் எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒன்பதாம் தொகுதியை உருவினாள். தும்மினாள். புரட்டிய வேகத்தில் ஒரு தாள் கிழிந்தது. கடைசியில் கிடைத்தது. கேள்வி ஒன்றரை வரி. அதை ஒட்டி அடைப்புக்குள் 'சிரிப்பு'.

"நானூத்திப் பதினாறுப்பா."

இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த அறையிலிருந்து வந்த நர்ஸ் நாடி பார்த்தாள். படிவத்தை எடுத்து, "எத்தனை மணிக்கும்மா?" என்றாள்.

"தெரியல. தேடிட்டிருந்தேன்."

சற்று நேரத்தில் குழுவின் செயலாளர் தொலைபேசியில் வந்தார். விஷயத்தைச் சொன்னாள். வருத்தம் தெரிவித்தார். தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு அச்சுக்குப் போகணும் மேடம், அதான்..."

"ஒரு திருத்தம் இருக்கு. எழுதிக்குங்க."

கேட்டுவிட்டு அவர் லேசாகச் சிரித்தார். "அது ஏதோ ஜோக்குக்குச் சொன்னது மேடம். அதுக்காகப் பக்கத்தையே கலைச்சு..."

"எழுதிட்டீங்களா?"

பேனா தேடும் சத்தம் கேட்டது.

"இப்ப திருப்பிப் படிங்க."

படித்தார். பக்க எண்ணைத் தப்பாகப் படித்தார். மறுபடி சொன்னாள், மறுபடி படித்தார்.

நர்ஸ் கட்டிலைச் சுற்றி வர இடம் வேண்டுமென்றாள். மகள் தன் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினாள். அது நின்ற இடத்தில், கம்பளத்தில் நான்கு குழிகள் ஆழமாகப் பதிந்திருந்தன. நர்ஸ் அவற்றை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.